வீல் ரேக் பல் சீக்கிரமே தேய்ஞ்சு உடையுது: வெல்டிங் வைக்கலாமா, புதுசு போடலாமா?

வயல்வரப்பு:
எல்லாருக்கும் வணக்கம். காய்ஞ்ச தீவனப்புல்லை வரிசையா ஒதுக்குற வீல் ரேக் ஒண்ணு வெச்சிருக்கேன். வி வடிவம். பக்கத்துக்கு 5 வீதம் மொத்தம் 10 சக்கரம், ஒவ்வொண்ணுலயும் 40 பல். பழசாத்தான் வாங்கினேன், வாங்கின கையோட பல் எல்லாத்தையும் புதுசா மாத்தினேன். அது ஆச்சு ரெண்டு பருவம்.

இப்ப பிரச்சினை என்னன்னா, முன்னாலிருந்து எண்ணினா இடது பக்கம் 3, 4-வது சக்கரத்துப் பல்லு மட்டும் 5 செ.மீ. குறைஞ்சிருக்கு. மத்த எட்டுலயும் 1 செ.மீ.தான் தேய்ஞ்சிருக்கு. அதே வயல், அதே டிராக்டர், ஓட்டுறதும் நான் ஒருத்தன்தான். போன வாரம் அந்த ரெண்டு சக்கரத்துலயே 6 பல் உடைஞ்சுது. அதுல ஒண்ணு வரிசைக்குள்ள கிடந்து புல்லைக் கட்டாக்குற பேலர்ல ஏறி, அதுல புல்லை வாரி எடுக்கிற பிக்கப் விரல் ரெண்டை வளைச்சுடுச்சு. அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகல.

தெரிஞ்சவர் ஒருத்தர், தேய்ஞ்ச முனையில கம்பித் துண்டு வெச்சு வெல்டிங் அடிச்சா போதும்னு சொல்றார். அடிக்கலாமா? இல்ல ரெண்டு சக்கரத்துக்கும் 80 பல் வாங்கிப் போட்டுடவா? 4-வது சக்கரத்து நடுவுல இருக்கிற ஹப்புலயும் லேசா ஆட்டம் இருக்கு.

தீவனக்காடு:
நான் வெல்டிங் வெச்சு ஓட்டியிருக்கேன் நண்பரே. அறுப்பு நடுவுல நின்னுபோச்சு, மேல மேகம் கட்டுது, பல் கைவசம் இல்ல. அன்னிக்கு அது கைகொடுத்தது. ஒட்டின 5 பல்லுல 2 அந்தப் பருவம் முழுக்க நின்னுது.

உலைக்களம்:
தீவனக்காடு சொன்ன கணக்கை அப்படியே பாருங்க. 5-ல 2 நின்னுதுன்னா, 3 எங்கயோ புல்லுக்குள்ள விழுந்திருக்கு. அவசரத்துக்கு அவர் செஞ்சதை நான் குத்தம் சொல்லல. ஆனா தெரிஞ்சே செய்யற வேலையா அது இருக்கக் கூடாது.

பல் ஸ்பிரிங் எஃகு. பதம் வெச்ச கம்பி. அதனாலதான் கல்லுல பட்டா வளைஞ்சு குடுத்துட்டு பழைய இடத்துக்கே திரும்புது. வெல்டிங் வெச்சா சூடான இடம் பக்கத்துக் குளிர்ந்த கம்பியால சட்டுனு ஆறி, கண்ணாடி மாதிரி நொறுங்குற பக்குவத்துக்கு வந்துடும். அதுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற இடத்துல பதம் இறங்கிப் போய் சாதாக் கம்பி மாதிரி வளையும். ஒரே பல்லுல ஒரு விரற்கடைக்குள்ள ரெண்டு கோளாறு. எவ்வளவு நல்ல கைகாரர் அடிச்சாலும் இதுதான். பல்லைப் பிடிச்சிருக்கிற சக்கர வளையம், அதான் ரிம், அது வேற. அது சாதா இரும்பு, தாராளமா வெல்டிங் வைக்கலாம். பல்லுல மட்டும் வேண்டாம்.

வயல்வரப்பு, முதல்ல ஒரு வேலை பண்ணுங்க. உடைஞ்ச 6 துண்டையும் எடுத்து, வெயில்ல வெச்சு உடைஞ்ச முகத்தைப் பாருங்க. முகம் முழுக்க ஒரே மாதிரி சொரசொரப்பா பளபளன்னு இருக்கா? இல்ல பாதி கறுத்து வழவழன்னும் மீதி மட்டும் புதுசாவும் இருக்கா? எந்த இடத்துல உடைஞ்சிருக்கு, ரிம் துளைகிட்டயா, வளைவுலயா, முனையிலயா? இது தெரிஞ்சாத்தான் பேச முடியும்.

வயல்வரப்பு:
இப்பத்தான் பார்த்தேன் அண்ணா. 4 பல் சரியா ரிம் துளை வாய்க்கிட்டயே முறிஞ்சிருக்கு. நாலுலயும் நீங்க சொன்ன மாதிரிதான்: ஓரத்துலேருந்து பிறை வடிவத்துல பாதிக்கு மேல துரு ஏறி வழவழன்னு இருக்கு, மீதி புதுசா மின்னுது. மத்த 2 வளைவுல முறிஞ்சது, முகம் பூரா புதுசு. இன்னொண்ணும் கவனிச்சேன். தேய்ஞ்ச பல் எல்லாம் ஒரு பக்கமாவே உளி மாதிரி சரிஞ்சு தேய்ஞ்சிருக்கு.

உலைக்களம்:
அப்ப விஷயம் தெளிவு. அந்த நாலும் ஒரே நாள்ல உடைஞ்சது இல்ல. விரிசல் எப்பவோ விழுந்து, ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போய், கடைசியில மிச்சமிருந்த கொஞ்ச இரும்பு தாங்க முடியாம விட்டிருக்கு. துரு ஏறினது அந்தப் பழைய விரிசல். துளை வாயில பல் லூசா ஆடியிருக்கணும், இல்ல தாங்க முடியாத பளு விழுந்திருக்கணும். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். வளைவுல முறிஞ்ச ரெண்டும் கல்லடி, இல்லன்னா சக்கரத்தை இறக்கி வெச்சபடியே ரிவர்ஸ் எடுத்திருப்பீங்க.

வயல்வரப்பு:
ரிவர்ஸ்... மூலையில திரும்பறப்ப ரெண்டு மூணு தடவை எடுத்திருக்கேன். மறைக்கல.

நுகத்தடி:
இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத ஒரு கேள்வி இருக்கிறது. பத்துச் சக்கரங்களில் இரண்டு மட்டும் ஏன் ஐந்து மடங்கு தேய்ந்தன? இதற்கு விடை காணாமல் 80 புதுப் பற்களைப் போட்டால், இன்னும் இரண்டு பருவத்தில் இதே கேள்வியோடு வந்து நிற்பீர்கள்.

இந்த வகை ரேக்குக்குத் தனியாக மோட்டாரோ, டிராக்டர் எஞ்சினின் சுழற்சியைக் கடத்தும் பி.டி.ஓ. இணைப்போ கிடையாது. பல் நிலத்தைத் தொடுவதால்தான் சக்கரம் சுழல்கிறது. ஆனால் சக்கரம் போகும் திசைக்கு நேராக நிற்பதில்லை, சாய்ந்து நிற்கிறது. 45 பாகை சாய்வு என்று வைத்துக்கொண்டால், டிராக்டர் 1 மீட்டர் முன்னேறும்போது சக்கரம் சுமார் 70 செ.மீ. உருளும், கூடவே சுமார் 70 செ.மீ. பக்கவாட்டில் இழுபடும். அந்த இழுபடல்தான் புல்லை ஒதுக்குகிறது, பல்லைத் தேய்ப்பதும் அதுவேதான். உங்கள் பல் ஒரு பக்கமாக உளிபோலத் தேய்ந்ததற்கும் இதுவே காரணம்.

ஆகவே தேய்மானத்தை முழுவதுமாக நிறுத்த முடியாது. நம் கையில் இருப்பது ஒன்றுதான்: பல்லின் மேல் எவ்வளவு எடை நிற்கிறது என்பது. சக்கரத்தின் கனத்தில் பெரும்பங்கை ஏந்திக்கொள்ளத்தான், சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் ஒவ்வொரு கையிலும் ஸ்பிரிங் இருக்கிறது. பல் நிலத்தைத் தடவ வேண்டும், கிளறக் கூடாது. ரேக் போன தடத்தில் கோடு கோடாக மண் கீறியிருந்தால் எடை அதிகம். புல் அடர்ந்த இடத்தில் சக்கரம் சுழலாமல் நின்று நின்று போனால் எடை குறைவு. இவை இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் சிறியதுதான், ஆனால் தேடிப் பிடித்துவிடலாம்.

ஒரு தொங்கு தராசு எடுத்துக்கொள்ளுங்கள். சமமான கெட்டித் தரையில் ரேக்கை வேலை செய்யும் நிலையிலேயே விரித்து இறக்குங்கள். டிராக்டரை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஹப்புக்கு அருகே கொக்கியை மாட்டி நேர் மேலாகத் தூக்குங்கள். கீழே இருக்கும் பல்லுக்கு அடியில் ஒரு காகிதம் வைத்து ஒருவரை இழுக்கச் சொல்லுங்கள். காகிதம் வழுக்கி வரும் கணத்தில் தராசு காட்டுவது என்ன? பத்துச் சக்கரத்துக்கும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

கறவைக்காரி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். மெஷினைப் பத்தி உங்க அளவுக்கு எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் புல்லைத் திங்கிற மாடு என்கிட்டதான் இருக்கு, அதனால சொல்றேன்.

பல் மண்ணைக் கிளறினா அந்த மண்ணு புல்லோட சேர்ந்து கட்டுக்குள்ள வருது. தீவனப் பரிசோதனையில சாம்பல்னு ஒரு வரி இருக்கும், பாருங்க. புல்லுக்குன்னு இயல்பா சுமார் 6 சதவீதம், குதிரைமசாலுக்கு சுமார் 8 சதவீதம் தாதுச்சத்து இருக்கும். அதுக்கு மேல வர்றது பெரும்பாலும் மண்ணுதான். ஒரு சதவீதம் கூடினா டன்னுக்கு 10 கிலோ மண்ணை மாட்டுக்குக் கொட்டுறோம்னு அர்த்தம். அது பசியை அடைக்கும், பாலாகாது.

அதைவிடப் பெரிசு இந்த உடைஞ்ச பல்லு. முழுப் பல்லை மாடு திங்காதுன்னு நினைக்காதீங்க. பேலர்லயோ தீவனம் நறுக்கிற மெஷின்லயோ மாட்டி அது துண்டாகும். மாடு மென்னு பார்த்துத் துப்பாது, வாயில வந்ததை விழுங்கிட்டு அப்புறம்தான் அசை போடும். இரும்புத் துண்டு ரெண்டாவது இரைப்பையில தங்கிடும். அந்தப் பையை ஒட்டி முன்பக்கம்தான் நெஞ்சு. குத்திக்கிட்டுப் போனா இதயத்தைச் சுத்தியிருக்கிற உறை வரைக்கும் போகும். எங்க வீட்டுல ஒரு மாடு முதுகை வளைச்சு, முழங்கையை விலக்கி வெச்சு, படுக்கவும் மாட்டாம நிக்கவும் மாட்டாம ரெண்டு நாள் முனகிச்சு. உள்ள இருந்து எடுத்தது சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கம்பித் துண்டு.

ஒவ்வொரு வயலும் முடிஞ்சதும் பல்லை எண்ணுங்க. 40 இருக்கணும். ஒண்ணு குறைஞ்சா கட்டு போடறதுக்கு முன்னாடி அந்த வரிசையில தேடுங்க. நாங்க முனைக்கு மேல ஒரு சாண் அளவு ஆரஞ்சு பெயிண்ட் அடிச்சு விடறோம், புல்லுக்குள்ள கிடந்தாலும் கண்ணுல படும்.

வயல்வரப்பு:
அக்கா, இதை மனசுல வெச்சுக்கறேன். ஆறுல ஒண்ணு பேலர்ல சிக்கிச்சு, நாலு வயல்லயே கிடைச்சுது. ஆறாவது நேத்துத்தான் கிடைச்சுது, அதுவும் ரிம்முலயே தொங்கிட்டு இருந்ததால. எல்லாத் துண்டும் இப்ப என் கையில இருக்கு.

நுகத்தடி ஐயா, எடை பார்த்தாச்சு. வலது பக்கம் அஞ்சும் 8 முதல் 11 கிலோ. இடது 1, 2, 5 மூணும் 9, 10, 10. இடது 3-ல 23 கிலோ! இடது 4-ல 21! ரெண்டு தடவை மறுபடியும் தூக்கிப் பார்த்தேன், மாறவே இல்ல.

ஸ்பிரிங்கை கழட்டிப் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். 3-வது சக்கரத்துது மத்ததைவிட 4 செ.மீ. நீளம். சுருள் நடுவுல நாலஞ்சு வளையம் மூடாம வாயைத் திறந்துகிட்டு நிக்குது. 4-வதுல ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு, ஆனா செயின் ரெண்டு கண்ணி தளர்வா மாட்டியிருக்கு. நான் வாங்கின நாள்லேருந்தே அப்படித்தான் இருந்திருக்கணும். ரெண்டு பருவம் அதைப் பார்த்துக்கிட்டே கிரீஸ் அடிச்சிருக்கேன்.

நுகத்தடி:
கிடைத்துவிட்டது. 3-க்கு ஸ்பிரிங்கையே மாற்றுங்கள். நீண்டுபோன ஸ்பிரிங்கைக் கொக்கியை வெட்டிக் குட்டையாக்கிப் போடுவோர் உண்டு. அது சில நாள் தாங்கும், பிறகு இன்னும் நீளும். 4-க்குச் செயினை ஏற்றி மாட்டிவிட்டு எடை பாருங்கள்.

புது ஸ்பிரிங் போட்டதும் உடனே வயலுக்குப் போய்விடாதீர்கள். டயரில் காற்று இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டயர் இறங்கியிருந்தால் சட்டமே அந்தப் பக்கம் சாயும், ஸ்பிரிங் நன்றாயிருந்தும் அந்தப் பக்கத்துப் பல் உழும். அதேபோல இழுவைக் கம்பியின் உயரம். டிராக்டரை மாற்றி மாட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். கொக்கி தாழ்ந்தால் சட்டம் முன்பக்கம் குனிந்து, முன் சக்கரங்கள் அழுந்தும். சட்டம் மட்டமாக நிற்கிறது என்று உறுதியான பிறகே எடையைச் சரிசெய்ய வேண்டும். வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும்.

புதுக்கலப்பை:
நல்ல இழை. என்கிட்ட இன்னும் சின்ன ரேக், ஆனா கதை இதேதான். ஒரு சந்தேகம். 7 மி.மீ. பல்லுக்குப் பதிலா இன்னும் தடிச்ச கம்பியில பல் செஞ்சு போட்டா தேயாம, உடையாம நிக்காதா? அப்புறம், உடைஞ்ச இடத்துல மட்டும் புதுப் பல் போட்டு, பழசோட சேர்த்து ஓட்டலாமா?

உலைக்களம்:
தடிச்ச கம்பி வேண்டாம் தம்பி. பல் வளைஞ்சு குடுக்கறதாலதான் ரிம் பிழைச்சிருக்கு. பல் குடுக்கலன்னா அந்த அடி அப்படியே துளை வாய்க்கும் ஹப்புக்கும் போகும். பல் மிஞ்சும், சக்கரம் போயிடும்.

ரெண்டாவது கேள்வி எல்லாரும் பண்ற தப்பு. தேய்ஞ்ச 35 பல்லுக்கு நடுவுல 5 புதுப் பல் போட்டா, அந்த அஞ்சும் 5 செ.மீ. நீட்டிக்கிட்டு நிக்கும். ஒவ்வொரு சுத்துலயும் அந்த அஞ்சுதான் தரையை முதல்ல அடிக்கும். சக்கரம் எகிறி எகிறி ஓடும். ரேக் போறப்ப தடக் தடக்குனு தாளம் கேட்டா அதுதான். புதுசை பழசோட நீளத்துக்கு வெட்டிப் போடறதும் வீண் வேலை.

இப்படிப் பண்ணுங்க. ஒரு சக்கரத்துக்கு முழுசா புதுசு போடுங்க. அதுலேருந்து கழட்டின பழசுல நல்லதாத் தேறினதை எடுத்து, அதே தேய்மானம் இருக்கிற இன்னொரு சக்கரத்துக்கு உபரியா வெச்சுக்கோங்க. தேய்ஞ்ச பல் இருக்கிற சக்கரத்தை அதே பக்கத்துல முன்னால கொண்டுபோய் மாட்டுங்க. முன் சக்கரம் தன் புல்லை மட்டும்தான் தள்ளும், பின்னால போகப் போக முன்னது எல்லாம் ஒதுக்கின புல்லும் சேர்ந்து வரும். பக்கம் மட்டும் மாத்திடாதீங்க. இடது சக்கரத்தை வலதுல மாட்டினா பல் கொக்கி திரும்பி, தரையைக் குத்தும். பல் முனை சுத்துற திசைக்குப் பின்னால சாய்ஞ்சு நிக்கணும். மாட்டிட்டு கையால ஒரு சுத்து சுத்திப் பார்த்தா தெரிஞ்சுடும்.

சக்கரத்தை மாத்தினா எடையையும் மறுபடி பாருங்க. குட்டைப் பல் சக்கரத்துல ஹப் தாழ்ந்து நிக்கும், அதனால ஸ்பிரிங் இழுவை மாறும்.

வயல்வரப்பு:
அண்ணா, 3-வது சக்கரத்துல உடைஞ்ச பல்லை எடுத்தப்ப, துளை வட்டமாவே இல்ல. முட்டை வடிவத்துல நீண்டிருக்கு. பழைய பல்லை உள்ள விட்டா ஒரு மி.மீ.க்கு மேல ஆடுது. அப்படி 7 துளை. சக்கரத்தையே மாத்தணுமா?

உலைக்களம்:
7 துளைக்காக ரிம்மைத் தூக்கிப் போடவேண்டாம். இதுதான் நான் முதல்ல கேட்ட விரிசலோட வேர். ஆடுற துளையில புதுப் பல் போட்டா அதுவும் அதே இடத்துல முறியும், அதனால இதைச் செய்யாம புதுப் பல்லைப் பிரிக்கவே பிரிக்காதீங்க.

சக்கரத்தைக் கழட்டி மேசை மேல படுக்க வைங்க. அந்தத் துளைக்குப் பக்கத்துல இருக்கிற பல்லுங்களையும் எடுத்துடுங்க, சூடு அதுகளுக்குப் போகக் கூடாது. துருவும் பெயிண்டும் போய் வெள்ளை இரும்பு தெரியற வரைக்கும் கிரைண்டர் ஓட்டுங்க. துளையை வெல்டிங்ல நிரப்புங்க. 7 துளையையும் ஒரே மூச்சுல வரிசையா நிரப்பாதீங்க, ரிம் சூட்டுல முறுக்கிக்கும். இங்க ஒண்ணு, எதிர்ப்பக்கம் ஒண்ணு, நடுவுல ஆற விட்டு ஆற விட்டுச் செய்யணும். தண்ணி ஊத்தி ஆத்தாதீங்க. நிரப்பினதை ரெண்டு பக்கமும் மட்டமாத் தேய்ச்சுட்டு, பக்கத்து நல்ல துளையிலேருந்து அளவெடுத்துப் புள்ளி வெச்சு, பழைய அளவுலயே துளை போடுங்க. கடைசியா துளை வாயைச் சுத்தி இருக்கிற கூர்மையை எடுத்துடுங்க. பெரிய டிரில் பிட்டைக் கையால நாலு சுத்து சுத்தினாலே போதும். கூரான வாயில பல் உரசினா அங்கேயே கீறல் விழும், கீறல்லேருந்துதான் விரிசல் கிளம்பும்.

முக்கியமா ஒண்ணு. சக்கரத்தை வண்டியிலயே வெச்சு வெல்டிங் பண்றதா இருந்தா, எர்த் கிளாம்ப்பை ரிம்முலயே கடிக்க விடுங்க. சட்டத்துல போட்டா கரண்டு பேரிங் வழியாப் போகும். உருளைக்கும் பாதைக்கும் நடுவுல பொறி பறந்து, பார்க்கத் தெரியாத குழி விழும். ஒரு மாசம் கழிச்சு பேரிங் கரகரன்னு சத்தம் போடறப்ப, யாருக்கும் வெல்டிங் ஞாபகமே வராது.

மாட்டினதும் ஒரு சாக்பீஸை ரிம் ஓரத்துக்கிட்ட அசையாமப் பிடிச்சுக்கிட்டு சக்கரத்தைச் சுத்துங்க. ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்தா அங்க நெளிவு இருக்கு. ரிம் ஓரத்துல அடி நீளக் குழாயை நெம்புகோலா மாட்டி, கொஞ்சம் கொஞ்சமா நிமிர்த்துங்க. முழுசா நூல் பிடிச்ச மாதிரி வரணும்னு இல்ல. பக்கத்துச் சக்கரத்துப் பல்லோட உரசாம இருந்தாப் போதும்.

தீவனக்காடு:
அண்ணன் சொன்னதை ஒத்துக்கறேன். வெல்டிங் வைக்கலாம்னு நான் முதல்ல எழுதினதைப் படிச்சுட்டு யாரும் செஞ்சுடாதீங்க. கறவைக்காரி அக்கா எழுதினதுக்கு அப்புறம், என்னோட அந்த 3 பல் எந்தக் கட்டுல போச்சோன்னு ராத்திரி தூக்கம் வரல.

ஹப் ஆட்டத்தைப் பத்தி யாரும் சொல்லலையே. என் அனுபவம்: சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க. ஆட்டம் ஹப்புக்குள்ள இருந்தா பேரிங். ஹப்புக்குள்ள ஆட்டம் இல்லாம, சக்கரத்தைத் தாங்குற கையோட சேர்ந்து ஆடினா, அந்தக் கை திரும்புற இடத்துல இருக்கிற பின்னும் அதைச் சுத்தின புஷ் வளையமும் தேய்ஞ்சிருக்கு. ரெண்டையும் குழப்பிக்கிட்டு நான் நல்ல பேரிங்கைக் கழட்டி வீணாக்கியிருக்கேன். டேப்பர் பேரிங்கா இருந்தா சக்கரத்தைச் சுத்திக்கிட்டே நட்டை இறுக்கி, கனமாச் சுத்த ஆரம்பிச்சதும் கொஞ்சம் பின்வாங்கி, நட்டு கழலாம பூட்டுற காட்டர் பின் புதுசாப் போடணும். பழைய பின்னை நிமிர்த்திப் போடாதீங்க. ஹப்புல சுத்தியிருக்கிற புல்லையும் கட்டுக் கயிறையும் அறுத்து எடுங்க, அதுதான் பேரிங்கை மூடியிருக்கிற சீல் வளையத்தை அறுத்துத் தூசியை உள்ள விடறது. தண்ணி பீச்சி கழுவறப்ப சீல் பக்கம் காட்டாதீங்க.

வயல்வரப்பு:
ஒரு அறுப்பு முடிச்சுட்டு வந்து எழுதறேன். தாமதத்துக்கு மன்னிக்கணும்.

3-க்குப் புது ஸ்பிரிங், 4-க்கு செயின் ரெண்டு கண்ணி மேல. இடது டயர்ல காத்தும் குறைஞ்சுதான் இருந்தது. சட்டத்தை மட்டம் பண்ணி, பத்துச் சக்கரத்தையும் 9-10 கிலோவுக்குக் கொண்டு வந்தேன். 7 துளையும் நிரப்பித் துளை போட்டாச்சு. 80 பல் வாங்கல, 40 மட்டும் வாங்கி 3-வதுக்குப் போட்டு, 4-வது இடத்துக்குத் தள்ளினேன். பழைய 4-வதை முதல் இடத்துக்குக் கொண்டுபோய், 1, 2 ரெண்டையும் ஒரு இடம் பின்னால நகர்த்தினேன். உடைஞ்ச பல்லுக்கு, கழட்டின பழசுல நல்லதைப் போட்டேன்.

புதுப் பல் ஒண்ணுல முனையிலேருந்து சரியா 10 செ.மீ. தள்ளி, கம்பியைக் கீறாம பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வெச்சிருந்தேன். 35 மணி நேர ஓட்டத்துக்கு அப்புறம் அளந்தா 9.9 செ.மீ. ரேக் போன தடத்துல மண் கீறலே இல்ல, புல் தாள் மட்டும் ஒரே திசையில சீவின மாதிரி படிஞ்சிருக்கு. வேகம் 10 கி.மீ.க்கு மேல போகல. மூலையில ரிவர்ஸ் எடுக்கணும்னா சக்கரக் கையைத் தூக்கிட்டுத்தான். வயல் முடிய முடிய எண்ணினேன், எல்லாத்துலயும் 40 இருந்தது. ஆரஞ்சு பெயிண்டும் அடிச்சாச்சு அக்கா.

ஹப் ஆட்டம்னு நான் எழுதினது பேரிங் இல்ல. தீவனக்காடு சொன்ன மாதிரி ஆட்டிப் பார்த்தேன், 4-வது கையோட புஷ்தான். பின்னுலயும் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கு. ரெண்டையும் சேர்த்தே மாத்தப் போறேன். மாத்தினதும் அந்தக் கையோட எடையை மட்டும் திரும்ப எடுத்து இங்க போடறேன்.

நுகத்தடி:
அந்தப் பின்னுக்குக் கிரீஸ் போகும் துளை அடைபட்டிருக்கிறதா என்று கழற்றும்போதே பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழுந்த பின்னில் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும். கிரீஸ் அடிக்கும் நிப்பிளை எடுத்துவிட்டு மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள்.